தொண்டூழியம் மாணவர் குழுக்களை எப்போது ஒன்றுசேர்க்கிறது?

சிங்கப்பூரின் பெரிய பல்கலைக்கழகங்களில் கல்வியாண்டு தொடங்கும் ஆகஸ்ட் மாதத்தில், புதிய மாணவர்களைச் சேர்ப்பதற்காக மாணவர் மன்றங்கள் வரிசையாக மேசை போட்டு அமர்ந்திருக்கும். தமிழ் மன்றத்துக்கு அருகில் மலாய் மொழி மன்றம், அதற்கடுத்துச் சீனக் கலை மன்றம், அப்பால் பௌத்த, இஸ்லாமிய, கிறிஸ்துவ மன்றங்கள், இந்தோனீசிய, வியட்நாமிய மாணவர்களின் அமைப்புகள் என்று அந்த வரிசை நீளும். இந்தப் பன்மை எவரும் திட்டமிட்டு உண்டாக்கிய பிரிவினை அன்று. தொடக்கநிலை ஒன்றிலிருந்தே தாய்மொழிப் பாடவேளையில் வெவ்வேறு வகுப்பறைகளுக்குப் பிரிந்து சென்று பழகிய பிள்ளைகள், தொடக்கக் கல்லூரியிலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் கிடைத்த நண்பர்களோடு பல்கலைக்கழகத்துக்கு வருகிறார்கள். பாடச்சுமைக்கும் பகுதிநேர வேலைக்கும் இடையே மிஞ்சும் சில மணி நேரத்தை, தம்மைப் பற்றி எதையும் விளக்கத் தேவையில்லாதவர்களுடன் கழிக்க விரும்புகிறார்கள். அது மனித இயல்பு. ஆனால் மூன்று நான்கு ஆண்டுகள் ஒரே வளாகத்தில் படித்தும், வேறு மொழி பேசும் சக மாணவர் ஒருவரின் வீட்டு நடப்பு, வழிபாடு, கவலை எதையும் அறியாமலே ஒருவர் பட்டம் பெற்றுப் போய்விட அந்த இயல்பே வழிசெய்கிறது.

இந்த இடைவெளியைக் குறைப்பதற்கு வளாகங்கள் பெரும்பாலும் நம்பியிருப்பது கலைவிழாவையும் கூட்டு விருந்தையும்தான். தீபாவளியையும் நோன்புப் பெருநாளையும் சீனப் புத்தாண்டையும் எல்லாரும் சேர்ந்து கொண்டாடுவது நல்லது; அது குறையக் கூடாது. ஆயினும் விழாவில் ஒரு குழு விருந்தோம்பும், மற்றவை விருந்துண்ணும். ஒரு குழு ஆடும், மற்றவை கைதட்டும். அன்றைய இரவோடு அந்த உறவும் கலைந்துவிடும். சேர்ந்து செய்யும் தொண்டு இதைவிட ஆழமாக மாணவர்களைப் பிணைக்கக்கூடியது என்பது என் உறுதியான கருத்து. அதேவேளையில், தொண்டு என்ற பெயரில் நடப்பவை எல்லாம் பிணைத்துவிடுவதில்லை. மற்றக் குழுக்கள் இல்லாமல் இந்தப் பணியை நம்மால் செய்து முடிக்க இயலாது என்பதை ஒவ்வொரு குழுவும் களத்தில் நேரடியாக உணரும்போதுதான் அந்தப் பிணைப்பு உண்டாகிறது. அந்த நிலை எப்படி அமைகிறது, எதனால் அமையாமல் போகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் மாணவர்களுக்குத் தொண்டு புதியதன்று. அறநிறுவனங்களுக்காக உண்டியல் ஏந்திக் கொடி நாளில் தெருத்தெருவாக நன்கொடை திரட்டுவதும், கொடுத்த மக்களுக்கு நன்றி சொல்லும் விதமாக அலங்கார ஊர்திகளும் ஆட்டமும் கொண்ட விழா எடுப்பதும் 1950களிலிருந்து இங்குள்ள பல்கலைக்கழக மாணவர்களிடையே தொடர்ந்துவரும் மரபு. கல்வி அமைச்சு 1997-ல் அறிமுகப்படுத்திய சமூக ஈடுபாட்டுத் திட்டம், பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 6 மணி நேரம் தொண்டாற்ற வேண்டும் என்றது. 2012-ல் அதன் இடத்தில் வந்த திட்டம், மணிக்கணக்கைவிடப் பண்புகளுக்கும் தாம் செய்ததைப் பற்றி மாணவர் சிந்திப்பதற்கும் முதன்மை தந்தது. 2000-ல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் 80 மணி நேரச் சமூக சேவையை முடிக்காமல் இளநிலைப் பட்டம் பெற முடியாது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2021-ல் சீரமைத்த பொதுக் கல்விப் பாடத்திட்டத்தின் ஆறு பிரிவுகளில் ஒன்று, சமூகத்தோடு நேரடியாக ஈடுபடுவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவதையும் முதியோருடன் பழகுவதையும் மாணவர்கள் பாடத்தின் அங்கமாகவே அதில் செய்கிறார்கள்.

ஆகவே இருபது வயதில் வளாகத்துக்குள் வரும் ஒருவருக்குத் தொண்டூழியம் பழக்கமான ஒன்றுதான். சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. இத்திட்டங்களில் பெரும்பாலானவை தலைக்கு இத்தனை மணி நேரம், ஆளுக்கு ஒரு பதிவு என்று தனிமனிதரை அலகாகக் கொண்டவை. மன்றங்களின் தொண்டும் அப்படித்தான் கணக்கிடப்படுகிறது. ஆண்டறிக்கையில் ஒவ்வொரு மன்றமும் தன் பெயரில் ஒரு சமூகப் பணியைக் காட்ட வேண்டியிருப்பதால், ஒவ்வொன்றும் தனக்கென்று ஒன்றைத் தேடிக்கொள்கிறது. ஒரே தாதிமை இல்லத்துக்கு இந்த வாரம் ஒரு மன்றமும் அடுத்த வாரம் இன்னொரு மன்றமும் சென்று, இரண்டும் ஒன்றையொன்று அறியாமலே இருந்துவிட முடியும். நல்ல மனம் படைத்த இளையர்கள் இத்தனை பேர் இப்படி இணைகோடுகளாகவே ஓடிக்கொண்டிருப்பது எனக்கு உண்மையான வருத்தத்தைத் தருகிறது.

இந்த இணைகோடுகளுக்கு நம் சமூக அமைப்பிலேயே ஒரு வேர் உண்டு. 1982-ல் மலாய், முஸ்லிம் சமூகத்துக்காக மெண்டாக்கியும், 1991-ல் இந்தியர்களுக்காகச் சிண்டாவும், 1992-ல் சீனர்களுக்கான சுயஉதவி அமைப்பும் தோன்றின. 1919 முதல் இயங்கிவரும் யூரேசியர் சங்கமும் அதே பொறுப்பை ஏற்றுக்கொண்டது. அந்தந்தச் சமூகம் தன் பிள்ளைகளின் கல்வியைத் தானே தூக்கி நிறுத்த வேண்டும் என்ற எண்ணத்தின்படி, தொழிலாளர்களின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் ஒரு சிறு தொகை இவ்வமைப்புகளுக்குச் செல்கிறது. தமிழ் மாணவர்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் நடத்தப் போவதும் இந்த எண்ணத்தின் இயல்பான தொடர்ச்சியே. அதைக் குறைசொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வீட்டுப்பாடத்தைப் பார்த்துச் சொல்ல ஆளில்லாத ஒரு பையனுக்கு, தன்னைப் போன்ற வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் வரை சென்ற ஓர் அக்காவோ அண்ணனோ எதிரில் வந்து உட்காருவது தரும் தெம்பை வேறு எவராலும் எளிதில் தந்துவிட முடியாது. ஆனால் அது ஒன்றே தொண்டு என்று நின்றுவிட்டால், மாணவர் குழுக்கள் ஒன்றையொன்று சந்திக்கும் வாய்ப்பு அங்கேயே அடைபட்டுவிடுகிறது. மேற்சொன்ன நான்கு அமைப்புகளும் சேர்ந்தே பள்ளி நேரத்துக்குப் பிந்திய மாணவர் பராமரிப்பு நிலையங்களை நடத்தத் தொடங்கி ஆண்டுகள் பலவாகின்றன. பெரியவர்களின் அமைப்புகளே எடுத்துவிட்ட அந்த அடியை மாணவர் மன்றங்களும் எடுக்கலாம்.

குழுக்கள் எப்போது நெருங்குகின்றன என்ற கேள்விக்குச் சமூக உளவியலில் பழைய, ஆனால் இன்றும் பயன்படும் விடை ஒன்று இருக்கிறது. 1954-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் முசாஃபர் ஷெரிஃப் என்ற ஆய்வாளர், 11 வயதை ஒட்டிய 22 சிறுவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து ஒரு கோடை முகாமில் தங்கவைத்தார். போட்டி விளையாட்டுகள் தொடங்கியதும் இரு குழுக்களுக்கும் இடையே பகை மூண்டது. பிறகு அவர்களைச் சேர்ந்து சாப்பிடவும் சேர்ந்து படம் பார்க்கவும் வைத்தபோது பகை தணியவில்லை. சாப்பாட்டு மேசையே சண்டைக்களமாயிற்று. முகாமுக்கு வரும் குடிநீர் நின்றுபோய் எல்லாரும் சேர்ந்து கோளாற்றைக் கண்டுபிடிக்க வேண்டிவந்தபோதும், உணவு ஏற்றிவர வேண்டிய லாரி கிளம்பாமல் நின்று எல்லாரும் சேர்ந்து கயிறு கட்டி இழுக்க வேண்டிவந்தபோதும்தான் மெல்ல மெல்ல நிலைமை மாறியது. அதே 1954-ல் கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர், வெவ்வேறு குழுக்களின் சந்திப்பு தப்பெண்ணத்தைக் குறைப்பதற்குச் சாதகமான நான்கு சூழல்களை வகுத்தார்: சந்திப்பவர்கள் அங்கே சம நிலையில் இருத்தல், பொதுவான இலக்கு, போட்டியில்லாத ஒத்துழைப்பு, நிறுவனத்தின் ஆதரவு. 515 ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்த பெட்டிகுருவும் திராப்பும் 2006-ல் வெளியிட்ட முடிவு, குழுக்களுக்கிடையிலான தொடர்பு பொதுவாகத் தப்பெண்ணத்தைக் குறைக்கிறது என்பதையும், ஆல்போர்ட் சொன்ன சூழல்கள் அமையும்போது அந்தப் பயன் கூடுகிறது என்பதையும் உறுதிசெய்தது.

நம் மாணவர்களிடையே பகை இல்லை, இருப்பது பாராமுகம். ஆகவே அந்த முகாமை அப்படியே நம் வளாகத்தில் பொருத்திப் பார்க்க முடியாது. இருப்பினும் அது காட்டும் ஓர் உண்மை இங்கும் செல்லும். சேர்ந்து உண்பது மட்டும் போதாது. எல்லார் கையும் பட்டால்தான் நகரும் ஒரு வேலை வேண்டும். சிங்கப்பூரில் அத்தகைய வேலைக்குப் பஞ்சமில்லை.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வாடகை வீடுகள் அடங்கிய ஓர் அடுக்குமாடி புளோக்கை எடுத்துக்கொள்வோம். 1989 முதல் நடப்பிலிருக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கையின் விளைவாக நம் குடியிருப்புகளில் எல்லா இனத்தவரும் கலந்தே வாழ்கிறார்கள். ஒரே மாடியில் தமிழ்ப் பாட்டி ஒருவரும், ஹொக்கியன் பேசும் சீன முதியவர் ஒருவரும், மலாய் மூதாட்டி ஒருவரும் தனித்தனியே வாழக்கூடும். அவர்களின் வீடுகளுக்கு வாரந்தோறும் சென்று, மருந்தை நேரத்துக்கு உட்கொள்கிறார்களா, மருத்துவமனைக் கடிதம் வந்திருக்கிறதா, கழிவறையில் வழுக்காத தரை போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவரும் பணியை ஒரு மாணவர் குழு ஏற்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்தக் குழு தனி ஒரு மொழியோடு அந்தப் புளோக்கில் கால்வைக்க முடியாது.

இங்கே பலர் எண்ணிப் பார்க்காத ஒன்றும் உண்டு. சீன மாணவர் இருந்தால் சீன முதியவருடன் பேசிவிடலாம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் கிளைமொழிகளுக்குப் பதிலாக மாண்டரின் பேச ஊக்குவிக்கும் இயக்கம் 1979-ல் தொடங்கிய பிறகு வளர்ந்த தலைமுறைகளுக்கு ஹொக்கியனும் தியோச்சியூவும் கன்டோனீசும் கைநழுவிக்கொண்டே போயின. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் சீனக் கிளைமொழியை மிக அதிகமாகப் பேசுவோரின் விழுக்காடு 8.7. ஆகவே அந்த முதியவருக்கு முன்னால் சீன இளையரும் சொல் தேடித் தடுமாறுகிறார். மாறாக, துறைமுகத்திலோ சந்தையிலோ உழைத்த பழைய தலைமுறையினர் பலருக்கு, அவர்கள் தமிழரோ சீனரோ, பசார் மலாய் எனும் எளிய பேச்சு மலாய் சரளமாக வரும். அப்போது அந்தச் சீன முதியவரிடம் பேசத் தெரிந்தவர் குழுவில் இருக்கும் மலாய் மாணவராக இருக்கக்கூடும். தமிழ்ப் பாட்டிக்கு வந்த ஆங்கிலக் கடிதத்தில் இருக்கும் மருத்துவச் சொல்லின் பொருள் தாதிமை படிக்கும் சீன மாணவிக்குத் தெரியும். அதைப் பாட்டிக்கு விளங்கும்படி எடுத்துச்சொல்லத் தமிழ் மாணவர் வேண்டும். யார் யாருக்கு உதவுகிறார் என்ற வரிசை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மாறுகிறது. ஒரு வாசலில் முன்னே நிற்பவர் அடுத்த வாசலில் பின்னே நிற்கிறார். ஆல்போர்ட் சொன்ன சம நிலை இப்படித்தான், எந்தச் சொற்பொழிவும் இல்லாமல், தானாக வருகிறது.

2030-ல் சிங்கப்பூர்க் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதினராக இருப்பார் என்று அரசாங்கம் மதிப்பிட்டிருக்கிறது. இத்தகைய பணிக்கு இனி ஆள் தேவை கூடுமே தவிரக் குறையாது.

தமிழ் மன்றங்களில் சிலருக்கு உள்ளூர ஓர் அச்சம் இருப்பதை நான் அறிவேன். எல்லாருடனும் சேர்ந்து வேலைசெய்யத் தொடங்கினால் பேச்சு ஆங்கிலத்துக்கு மாறிவிடும், மன்றத்தின் தமிழ் முகம் மங்கிவிடும் என்பது அவர்கள் வாதம். அந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வீட்டில் தமிழை மிக அதிகமாகப் பேசும் சிங்கப்பூர்வாசிகளின் விகிதம் 2010-ல் 3.3 விழுக்காடாக இருந்து 2020-ல் 2.5 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. ஆனால் மேடையில் மட்டும் தமிழைக் காப்பாற்ற முடியும் என்று நம்புவதற்கும் அந்த எண்கள் இடம்தரவில்லை. பட்டிமன்றத்தில் அடுக்குமொழி பேசும் மாணவருக்கு, நீரிழிவு நோயாளியான தாத்தா ஒருவரிடம் "சாப்பாட்டுக்கு முன்னாடி இந்த மாத்திரை, பின்னாடி அது" என்று தெளிவாகச் சொல்லிப் புரியவைக்கத் தெரிந்திருப்பதும் தமிழ்தான். கலப்புக் குழுவில் தமிழ் மாணவர் தேவைப்படுவது அவர் தமிழ் அறிந்தவர் என்பதற்காகவே. அங்கே மொழி கரைவதற்கு மாறாக, அதற்கு ஒரு வேலை கிடைக்கிறது.

பல்கலைக்கழகத்துக்கும் தமிழ்ச் சமூகத்துக்கும் இடையே பழைய கடன் ஒன்றும் இருக்கிறது. 1950களில் அன்றைய மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இயங்கியபோது, அங்கு தமிழுக்கு உரிய இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காக, தமிழ் முரசு இதழை நடத்திவந்த கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் திரட்டினார். தாம் ஒருபோதும் கால்வைக்க வாய்ப்பில்லாத ஒரு பல்கலைக்கழகத்தின் தமிழ் நூல்களுக்காக எளிய தொழிலாளர்களும் தம்மால் இயன்றதைக் கொடுத்தார்கள். அவர்களின் வயதையொத்தவர்களும் அவர்களின் பிள்ளைகளுமே இன்று வாடகை வீடுகளிலும் தாதிமை இல்லங்களிலும் மூப்படைந்துகொண்டிருக்கிறார்கள் என்பதை இன்றைய தமிழ் மாணவர்களுக்கு எவராவது சொல்ல வேண்டும்.

வெளிநாட்டு ஊழியர்களிடையே செய்யப்படும் தொண்டு மற்றொரு களம். 2020 ஏப்ரலில் கொவிட்-19 கிருமி தங்கும் விடுதிகளில் பரவியபோது, அங்கே வாழ்ந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களில் பெரும் பகுதியினருக்குத் தங்கள் உடலுக்கு என்ன நேர்கிறது என்பதைத் தங்கள் மொழியில் கேட்டறிய வேண்டியிருந்தது. தமிழும் வங்காளமும் அறிந்த தொண்டூழியர்களின் தேவை அப்போதுதான் பொதுமக்களுக்குப் பளிச்சென்று புலப்பட்டது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து முடித்திருந்த இளம் பெண் ஒருவர், மருத்துவர்கள் நோயாளிகளிடம் கேட்கும் கேள்விகளை வங்காள மொழியில் ஒலிக்கச்செய்யும் இணையத்தளம் ஒன்றை அந்த நாள்களிலேயே உருவாக்கினார். விடுதியிலிருக்கும் ஊழியருக்குத் தேவைப்பட்டது மருத்துவ அறிவும் மொழியறிவும் கணினி அறிவும் சேர்ந்த உதவி. அவற்றில் ஒன்றை மட்டும் வைத்திருந்தவர்களால் மற்றவர்கள் துணையின்றி எதுவும் செய்திருக்க முடியாது.

இந்தக் களத்தில் தமிழ் மாணவர்களுக்குச் சற்றுக் கூடுதலான நிதானமும் தேவை. விடுதியில் இருக்கும் தமிழ்நாட்டு ஊழியருடன் நமக்கு மொழி பொது, வாழ்நிலை பொதுவன்று. "அண்ணே" என்று அழைத்துவிடுவதாலேயே அந்த வேறுபாடு மறைந்துவிடாது. சம்பள நிலுவை, காயத்துக்கான இழப்பீடு, வேலை அனுமதி என்று அவர் சொல்லும் சிக்கல்களைப் பெரும்பாலான மாணவர்கள் அதற்கு முன் கேட்டிருக்கவே மாட்டார்கள். மொழி தெரியும் என்பதற்காக அரைகுறை அறிவுரை சொல்வதைவிட, இத்துறையில் பல ஆண்டுகளாகப் பணியாற்றிவரும் அமைப்புகளுக்கு அவரை வழிகாட்டுவதே சரி. 2006-ல் தொடங்கப்பட்ட ஹெல்த்சர்வ் மருத்துவ உதவியையும், டிடபிள்யுசி2 என்று அறியப்படும் அமைப்பு லிட்டில் இந்தியா வட்டாரத்தில் வேலையிழந்தோருக்கான இலவச உணவையும் வழங்கிவருகின்றன. மாணவர் குழுக்கள் இவற்றின் கைகளாக நின்று வேலைசெய்வது, தனியே புதிதாக ஒன்றைத் தொடங்குவதைவிட மேலானது.

இதே களம் நம்மவர்களுக்குள்ளேயே இருக்கும் ஒரு பிளவையும் ஆற்றக்கூடியது. இங்கே பிறந்து வளர்ந்த தமிழ் மாணவர்களும், தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ படிக்க வந்திருக்கும் தமிழ் மாணவர்களும் ஒரே வளாகத்தில் தனித்தனி வட்டங்களாக இருப்பதை நாம் வெளிப்படையாகப் பேசுவதில்லை. ஒருவர் தேசிய சேவையைப் பற்றிப் பேசும்போது மற்றவருக்குப் பங்கில்லை; ஒருவர் ஊர்க் கல்லூரியைப் பற்றிப் பேசும்போது மற்றவருக்கு ஒட்டவில்லை. புதுக்கோட்டையிலிருந்தோ இராமநாதபுரத்திலிருந்தோ வந்திருக்கும் ஓர் ஊழியர் தன் ஊர்வழக்கில் வலியை விவரிக்கும்போது அதை உடனே பிடித்துக்கொள்பவர் தமிழ்நாட்டு மாணவர். எந்த மருத்துவமனைக்கு எப்படிப் போவது, எந்தப் படிவத்தில் எதை எழுதுவது என்று அறிந்தவர் உள்ளூர் மாணவர். ஒற்றுமை என்று பேசும்போது இனங்களுக்கிடையிலான ஒற்றுமையை மட்டும் நினைத்துக்கொள்ளும் பழக்கத்திலிருந்து நாம் விடுபட வேண்டும். கொள்கை ஆய்வுக் கழகம் 2017-ல் வெளியிட்ட சமூக உறவுகள் பற்றிய ஆய்வு, சிங்கப்பூரர்களின் நட்பு வட்டங்களில் இனத்தைவிட வர்க்க வேறுபாடு கூர்மையாகத் தெரிவதைச் சுட்டியது. தனியார் வீட்டிலிருந்து வரும் தமிழ் மாணவருக்கும் ஈரறை வீட்டிலிருந்து வரும் தமிழ் மாணவருக்கும் இடையிலான தொலைவு, சில வேளைகளில் தமிழருக்கும் சீனருக்கும் இடையிலான தொலைவைவிட அதிகம்.

இனி, இவை கெட்டுப்போகும் விதங்களைப் பற்றிப் பேச வேண்டும். முதலாவது எண்ணிக்கை. குடியிருப்பாளர்களில் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9.0 என்கிறது 2020 கணக்கெடுப்பு. இதே விகிதத்தில் நாற்பது பேர் கொண்ட ஒரு தொண்டூழியக் குழு அமைந்தால் அதில் இந்தியர் மூன்று நான்கு பேரே இருப்பார்கள். அவர்களில் தமிழ் பேசுவோர் இன்னும் குறைவு. திட்டமிடும் கூட்டத்தில் பெரும்பான்மையினர் தம்மை அறியாமலே மாண்டரினுக்கு நழுவிவிடுவதும், தமிழ் மாணவரை மொழிபெயர்க்க மட்டும் கூப்பிடுவதும், படம் எடுக்கும்போது முன்வரிசையில் நிறுத்துவதும் தீய எண்ணத்தால் நடப்பவை அல்ல. ஆனாலும் அவை காயப்படுத்தும். திராப்பும் பெட்டிகுருவும் 2005-ல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, தொடர்பினால் விளையும் நன்மை பெரும்பான்மையினரிடம் தெரியும் அளவுக்குச் சிறுபான்மையினரிடம் தெரிவதில்லை என்று காட்டியது. ஒரே அறையில் இருந்தாலும் இருவரும் ஒரே அனுபவத்தைப் பெறுவதில்லை என்பதே இதன் பொருள். ஆகவே முடிவெடுக்கும் இடத்தில் எல்லாக் குழுவுக்கும் இடம் இருக்க வேண்டும். எந்தப் புளோக்குக்குப் போவது, பணத்தை எதற்குச் செலவிடுவது, செய்தியாளரிடம் யார் பேசுவது என்பவற்றைப் பெரிய மன்றம் தீர்மானித்துவிட்டுச் சிறிய மன்றத்துக்கு அழைப்பு அனுப்பினால் அது கூட்டுப்பணி ஆகாது. தலைமை முறைவைத்து மாறுவதும், கூட்டத்தில் எல்லாருக்கும் விளங்கும் மொழியே பேசப்படுவதும் சிறிய ஏற்பாடுகளாகத் தோன்றலாம். அவை இல்லாத இடத்தில் சிறிய மன்றங்கள் ஓராண்டுக்கு மேல் நிற்பதில்லை.

சாப்பாடும் நாள்காட்டியும் இதே வகையைச் சேர்ந்தவை. பணி முடிந்து சேர்ந்து உண்ணும் இடம் ஹலால் உணவும் சைவ உணவும் கிடைக்கும் இடமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்றைய பேச்சின் இனிய பகுதியான அந்த அரைமணி நேரத்தில் சிலர் வீடு திரும்பிவிடுவார்கள். நோன்பு மாதத்தில் மாலை நேரப் பணியையும், தீபாவளி வாரத்தில் முகாமையும் வைத்துவிட்டுப் பிறகு வருத்தம் தெரிவிப்பதால் பயனில்லை.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது உதவி பெறுபவரின் நிலை. மாணவர்களின் ஒற்றுமைக்காக ஒரு பாட்டியின் வரவேற்பறையை நாம் கடன் வாங்குகிறோம் என்பதை மறக்கக் கூடாது. பண்டிகைக் காலங்களில் அன்பளிப்புப் பைகளோடு குழு குழுவாக வருகிறவர்கள் அதற்குப் பின் பல மாதங்கள் எட்டிப்பார்க்காமல் இருந்தால், அந்த வருகை அவர் தனிமையைக் கூட்டத்தான் செய்யும். பிள்ளைகளுக்குக் கற்பிப்பதிலும் இந்தச் சிக்கல் உண்டு. தொடக்கநிலை ஆறில் படிக்கும் பிள்ளைக்கு இறுதித் தேர்வு எழுத்துத்தாள்கள் வருவது செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும். பல்கலைக்கழக மாணவருக்கு இடைத்தேர்வுகளும் ஒப்படைப்புகளும் குவிவதும் ஏறத்தாழ அதே வாரங்களில்தான். பிள்ளைக்கு ஆசிரியர் மிகவும் தேவைப்படும் நேரத்தில் ஆசிரியர் காணாமற்போகிறார். ஒரே மன்றத்தின் உறுப்பினர்கள் பெரும்பாலும் ஒரே கல்விப்பிரிவிலிருந்து வரும்போது அவர்களின் தேர்வுகளும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன. வெவ்வேறு கல்விப்பிரிவுகளையும் பல்கலைக்கழகங்களையும் சேர்ந்த மன்றங்கள் இணைந்து ஒரு கற்பித்தல் பணியை ஏற்றால், ஒருவர் விடும் வாரத்தை மற்றவர் நிரப்ப முடியும். கூட்டுப்பணி மாணவர்களுக்கு மட்டுமன்றிப் பிள்ளைக்கும் நன்மை தரும் இடம் இது. இத்தகைய இடங்களில்தான் குழுக்கள் சேர வேண்டும். சேர்ந்தால் அழகாக இருக்கும் என்பதற்காக மட்டும் சேரக் கூடாது.

மாணவர் முயற்சி வளாகத்தைத் தாண்டி நிலைபெற முடியும் என்பதற்கு இங்கேயே சான்று இருக்கிறது. 2012-ல் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழக மாணவராக இருந்த முகமது இர்ஷாத் தொடங்கிய 'ரோசஸ் ஆஃப் பீஸ்' இயக்கத்தில், பல சமயங்களைச் சேர்ந்த இளையர்கள் அமைதிச் செய்திகள் கோத்த ரோஜா மலர்களைப் பொதுமக்களுக்கு வழங்கினார்கள். அந்த ஒரு நாள் நிகழ்ச்சியோடு அவர்கள் நின்றுவிடவில்லை. சமய நல்லிணக்கத்துக்காக இளையர்களைப் பயிற்றுவிக்கும் அமைப்பாக அது வளர்ந்தது. அதன் நிறுவனர் 2018-ல் நியமன நாடாளுமன்ற உறுப்பினரானார்.

பெரும்பாலான மாணவர் முயற்சிகள் அந்த வயதை எட்டாமல் போவதற்கு முதன்மையான காரணம், மன்றங்களின் செயற்குழு ஆண்டுதோறும் மாறுவது. இரண்டு தலைவர்களுக்கிடையே இருந்த நட்பு அவர்கள் பட்டம் பெற்றதும் மன்றங்களின் நட்பாக எஞ்சுவதில்லை. இதைத் தடுக்க மூன்று மன்றங்கள் சேர்ந்து ஒரு புளோக்கை மூன்றாண்டுகளுக்கு ஏற்றுக்கொள்ளலாம். மூத்த மாணவர் ஒருவரும் வேறு மன்றத்தின் முதலாண்டு மாணவர் ஒருவரும் இணையராக ஒரே வீட்டுக்குச் சென்றால், மூத்தவர் விடைபெறும்போது அந்த வீட்டை அறிந்தவர் ஒருவர் அங்கே இருப்பார். எந்த வீட்டில் யார் இருக்கிறார், அவருக்கு எந்த மொழி வசதி, என்ன நோய், எந்தக் கிழமை மருத்துவமனை, எதைப் பற்றிப் பேசினால் முகம் மலர்வார் என்ற குறிப்புகளை, அவரின் இசைவோடும் அந்த வட்டாரத்தில் முதியோருக்காக இயங்கும் துடிப்பாக மூப்படையும் நிலைய அதிகாரியின் அறிவோடும், பாதுகாப்பாக எழுதிவைத்து அடுத்த அணியிடம் ஒப்படைக்க வேண்டும். செயற்குழுக்கள் மாறுவதற்கு முன், பழைய அணியும் புதிய அணியும் சேர்ந்து ஒரு முறை எல்லா வீடுகளுக்கும் சென்றுவருவது அந்த ஒப்படைப்பின் பகுதியாக இருக்கட்டும். பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடியது, மன்றங்களுக்கு வழங்கும் மானியத்தில் ஒரு பகுதியை, இப்படிப் பல மன்றங்கள் கூட்டாகவும் பல ஆண்டுகளுக்கும் ஏற்கும் பணிகளுக்கு ஒதுக்குவது.